வாயசைவு என்று நான் குறித்தவை

போன மாதம் ஷபானா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஈஈஜி அறையைப் பார்த்துக்கொள்பவள். தலையில் ஒயர்களை ஒட்டி, மூளையில் ஓடும் மின்சாரத்தைக் கோடு கோடாக எடுக்கும் அறை அது. வார்டு பாய்கள் அந்தக் கோட்டுப் படத்தைப் 'பட்டி' என்பார்கள்.

"ஆன்ட்டி, புது மெஷின் வந்துருச்சு. கண்ணு சிமிட்டுறது, பல்லக் கடிக்கிறது, எச்சில் முழுங்குறது, எல்லாத்தையும் அதுவே அழிச்சிருது. பட்டி ஏக்தம் சாஃப், ஒரு தூசு இல்ல. நீங்க உக்காந்து உக்காந்து மார்க் பண்ணுவீங்களே, அந்த வேலையே இல்ல இப்ப" என்றாள்.

ரொம்ப நல்லது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் கடுகு கருகிப் புகை மண்டிய பிறகுதான் நான் அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது.

இயல்பிலேயே நான் பயந்தாங்கொள்ளி. திலக் நகர் வீட்டைப் பூட்டிக் கீழே இறங்கினால், மறுபடி மாடியேறிப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டேஷனுக்கு நடப்பேன். இதுவும் அந்த வகைக் கலவரம்தான் என்று என்னையே சமாதானப்படுத்திப் பார்த்தேன். அடங்கவில்லை. மெஷின் அழித்ததை யாராவது ஒருமுறை பார்க்கிறீர்களா என்று அவளிடம் கேட்க வேண்டும். கேட்டால் ஏன் என்பாள். ஏன் என்று சொல்ல இசக்கிமுத்துவின் கதையைச் சொல்லியாக வேண்டும். அதனால் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், மும்பை மாநகராட்சி ஆஸ்பத்திரி என்றால் போதும்.

வேலை கற்ற காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அப்போது குடியிருந்த ஆண்டாப் ஹில்லிலிருந்து பஸ் ஏறிப் போவேன். காகிதம் ஓட ஓடப் பேனாக்கள் கீறிக்கொண்டே போகும் பழைய மெஷின். டேப்பால் தலையை அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, தோலைத் தேய்த்துப் பசை தடவி ஒயரை ஒட்டக் கற்றுக்கொண்டேன். அதைவிடப் பெரிய பாடம், எதைத் தள்ள வேண்டும் என்பது. தாடை அசைந்தால் அலை அடர்ந்து கறுத்துவிடும். நாக்கு அசைந்தால் மெதுவாக மேடு தட்டும். அவை மூளையிலிருந்து வருபவை அல்ல. அந்த இடங்களில் 'கண்', 'வாயசைவு' என்று எழுதிவிட்டால் டாக்டர் அவற்றைத் தாண்டி மிச்சத்தைப் படிப்பார். முப்பது வருஷத்துக்கு மேல் நான் செய்தது பெரும்பாலும் இந்தக் குப்பை பொறுக்கும் வேலைதான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இத்தனை அலைகளைப் பார்த்தேனே, ஒரு நாளாவது ஓர் எண்ணத்தைப் பார்த்தேனா என்றால், இல்லை. தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்று சொல்வேன். வலிப்பு எந்தப் பக்கம் கிளம்புகிறது என்று காட்டுவேன். மனதில் என்ன ஓடுகிறது என்பது மட்டும் அந்தக் காகிதத்தில் எங்கும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது என்னைப் படுத்தி எடுத்தது. சாயங்காலம் லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் வரிசையாகக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்ப்பேன். இவர்களுக்குள்ளும் என்னைப் போல ஒருத்தி கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர்கள் நகர்கிறார்கள், பேசுகிறார்கள், இடித்தால் திட்டுகிறார்கள். அதை வைத்து உள்ளே ஆள் உண்டு என்று முடிவு கட்டுகிறேன். நகரவும் பேசவும் முடியாமல் போனால் எதை வைத்து முடிவு கட்டுவேன்? குர்லா ஸ்டேஷன் வந்ததும் கூட்டம் தள்ளிய தள்ளலில் இந்தக் கேள்வியெல்லாம் காணாமல் போய்விடும். மறுநாள் அறைக்குள் நுழைந்ததும் திரும்ப வந்துவிடும்.

இந்தக் கேள்வியை ஒதுக்காமல் தினமும் அதோடு வேலை செய்த ஒருவரை நான் பார்த்தேன் என்றால், அது எங்கள் நரம்பியல் டாக்டர் காமத் மேடம். குரலே எழும்பாது. நினைவில்லாமல் கிடப்பவரின் கட்டிலுக்குப் போனாலும் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போடுவார், உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். பிறகு தன் பெயரைச் சொல்வார். "உங்கள் நகத்தை அழுத்தப் போகிறேன், வலிக்கும், மன்னிக்க வேண்டும்" என்பார். நோயாளி இந்திக்காரர் என்றால் இந்தியில், மராட்டி என்றால் மராட்டியில். மற்ற மொழிக்காரர் என்றால் எங்களில் யாரையாவது கூப்பிட்டுச் சொல்லச் சொல்வார். சொன்ன பிறகு காத்திருப்பார். பக்கத்தில் நிற்கிற நமக்குக் கால் கடுக்கிற அளவு காத்திருப்பார். கட்டிலருகே நின்று நோயாளியைப் பற்றி யாரும் பேசக் கூடாது. "அவருக்குத்தான் ஒன்றும் தெரியாதே, மேடம்" என்று ஒரு சின்ன டாக்டர் வாய்விட்டார். "அது உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் மேடம் கேட்டார். அந்தப் பையன் அதற்குப் பிறகு வெளியே வந்துதான் பேசுவான்.

அவரிடம் இன்னொரு பிடிவாதமும் உண்டு. நோயாளி மேல் பாசம் வைத்தவரும் அலுத்துப்போனவரும் சோதனையில் கணக்கெடுக்கக் கூடாது என்பார். பாசம் வைத்தவர் இல்லாததைப் பார்ப்பார், அலுத்தவர் இருப்பதை விடுவார். இரண்டு வகையிலும் நான் அடக்கம் என்று எனக்கு உள்ளூரப் பயம்.

இசக்கிமுத்து தாராவியில் இட்லி வியாபாரி. விடியுமுன்னே சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு மாட்டுங்கா பக்கம் கிளம்புபவர். ஒரு நாள் டெம்போ தட்டிவிட்டது. தலையில் அடி. உயிர் பிழைத்தார், கண் திறந்தார், ஆனால் அந்தக் கண் எதையும் பின்தொடரவில்லை. மாதங்கள் போயின. மூக்கில் குழாய், தொண்டையில் துளை. மனைவி சண்முகவடிவு, வடிவு என்பார்கள், வார்டை விட்டு நகரவில்லை. தம்பி பரமசிவம் தோல் பட்டறை வேலைக்கு நடுவே வந்து போனார்.

எங்களிடம் பயிற்சி வார்டு ஒன்று இருந்தது. கை கால் பழக்கி, பேச்சு பழக்கி, வீட்டோடு வாழும் அளவுக்குத் தேற்றப் பார்க்கும் இடம். கட்டில்கள் கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம். சொல்வதைப் புரிந்துகொள்கிறார் என்பதற்கு ஏதாவது அடையாளம் இருந்தால்தான் கட்டில். இல்லையென்றால் டிஸ்சார்ஜ். தாராவியில் அவர்கள் குடியிருந்தது மாடி அறை, செங்குத்தான இரும்பு ஏணி. அதில் அவரை எப்படி ஏற்றுவது? ஊருக்கே கொண்டுபோய்விடலாம் என்றார் பரமசிவம்.

"மைனி, நான் அண்ணன வேண்டாம்னா சொல்லுதேன்? இங்கன வச்சுப் பாக்க முடியாது. அங்க தரைவீடு, பாக்க நாலு பேரு இருக்காவ. டாக்டருதான் சொல்லிட்டாங்களே, உசுரு இருக்கு, ஆளு இல்லன்னு" என்று அண்ணியிடம் சொன்னார்.

காமத் மேடம் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். யாரோ சொன்னது வாய் மாறி வந்திருக்கிறது. வடிவு என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, உசுரு வேற, ஆளு வேறயா? உசுரு இங்கன கெடக்குன்னா ஆளு எங்க போனாவ?"

குழாயோடும் தொண்டைத் துளையோடும் ஒரு நாளுக்கு மேல் ரயிலில் போனால் அவர் ஊர் போய்ச் சேரமாட்டார் என்று மட்டும் தோன்றியது. போய்ச் சேர்ந்தாலும், உள்ளே ஆள் இருந்து, இல்லை என்று நாங்கள் அனுப்பிவிட்டால்? உள்ளே ஆள் இல்லாதபோது இருக்கிறார் என்று நாங்கள் சொல்லிவிட்டால், இந்தப் பெண் வாழ்நாள் முழுக்கக் கட்டில் காலில் கட்டுண்டு கிடப்பாள். அதுவும் பயமாகத்தான் இருந்தது.

பரமசிவம் நல்ல மனிதர், அவராகவே ஒரு வழி பார்த்தார். அண்ணனின் ஹாரனைக் கொண்டுவந்து காதருகே அமுக்கினார். இசக்கிமுத்துவின் உடம்பு தூக்கிப் போட்டது, கண் அகன்றது. வடிவு அழுதேவிட்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. மேடம் ஒரு ஸ்டீல் தட்டை எடுத்துத் தரையில் போட்டார். அதே தூக்கிப் போடல், அதே கண். சத்தத்துக்கு உடம்பு துள்ளுகிறது, அதற்கு ஆள் தேவையில்லை என்று இந்தியில் மெல்லச் சொன்னார். வடிவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் ஒயர்களைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அன்று காலையிலேயே பட்டி எடுத்தோம். ஒலிபெருக்கியில் நான் தமிழில், "கையைத் தூக்குங்க", "கண்ணை மூடுங்க" என்று சொல்லிக்கொண்டே வெளியிலிருந்து திரையைப் பார்த்தேன்; காகித மெஷின் போய்த் திரை வந்துவிட்ட காலம். கை அசையவில்லை. தாடைப் பக்கம் மட்டும் அவ்வப்போது அலை கறுத்தது. 'வாயசைவு', 'வாயசைவு' என்று குறித்துக்கொண்டே வந்தேன். ஒரு கட்டத்தில் எரிச்சல். உள்ளே போய், வாயில் ஏதாவது கொடுத்தீர்களா, மெல்லுகிறாரே என்று வடிவைக் கேட்டேன்.

"சவைக்கலக்கா. நீங்க கையத் தூக்குன்னு சொல்லுதிய. அவிய முடியாதுங்காவ."

"எங்க சொல்றார்?"

"இந்தா, 'ப்ச்'சுன்னு சொல்லுதாவல்லா. ஒங்களுக்குக் கேக்கலையா?"

இருபக்கமும் பேசும் ஒலிபெருக்கியில் எனக்கும் கேட்டிருந்தது. எங்கள் வீட்டில் 'ப்ச்' என்றால் பரிதாபம். பக்கத்து வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அம்மா அப்படித்தான் நாக்கைத் தட்டுவாள். இந்த மனிதர் தன்னைப் பார்த்துத் தானே பரிதாபப்படுகிற மாதிரி இருக்கிறதே என்று ஒரு கணம் நினைத்துவிட்டு, குப்பையில் சேர்த்துவிட்டேன். வடிவு விளக்கினார். அவர் 'இல்லை' என்ற வார்த்தையை வாயால் சொல்லமாட்டார். வியாபாரத்தில் அது ஆகாதாம்.

"சட்னி தீந்துபோச்சுன்னாக்கூட இல்லன்னு சொல்ல மாட்டாவ. வாளியச் சரிச்சுக் காட்டிட்டு, ப்ச். வீட்டுலயும் அதான். கல்யாணம் ஆன புதுசுல எனக்குக் கோவமா வரும், என்ன இந்த மனுசன் பல்லி கணக்கா பதில் சொல்லுதாவன்னு."

சோதனையில் நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்தது ஒன்றைத்தான். சொன்னதைச் செய்கிறாரா? மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அதை வாங்கிக்கொள்ள எங்களிடம் இடமே இல்லை.

மேடமிடம் சொல்லப் போகும்போது, சிரித்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் சிரிக்கவில்லை, கவலைப்பட்டார். இப்படிக் கிடப்பவர்கள் பலருக்கு வாய் தானாகவே அசையும், நாக்குத் தட்டும். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் காது கொடுத்துக் காத்திருந்தால் ஏதாவது ஒன்று கேட்கத்தான் செய்யும். கேட்க வேண்டும் என்று நாம் ஆசைப்படுகிறோம், அதனால் நம்மை நம்பக் கூடாது என்றார். பிறகு வெகுநேரம் உட்கார்ந்து சோதனையை வகுத்தார்.

வடிவு உள்ளே இருந்து கேள்வி கேட்க வேண்டும். பாதிக்கு 'ஆமாம்' என்பது பதில், பாதிக்கு 'இல்லை' என்பது பதில், எல்லாம் கலந்து வரும். ஒரே குரலில் கேட்க வேண்டும், குரலில் பதில் தெரிந்துவிடக் கூடாது. கேள்வி முடிந்ததும் நர்ஸ் ஒரு பொத்தானை அமுக்குவார், என் திரையில் ஒரு கோடு விழும். கண்ணாடி ஜன்னலைப் படுக்கை விரிப்பால் மூடி, ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள். என்ன கேள்வி என்று எனக்குத் தெரியாது. கோட்டுக்குப் பிறகு தாடை அசைந்ததா இல்லையா என்று மட்டும் நான் குறிக்க வேண்டும்.

வடிவுக்கு ஒரே ஒரு சிக்கல். புருஷன் பெயரை அவர் வாயால் சொல்லமாட்டார். "ஒங்க பேரு பரமசிவமா?" என்று தப்பான பெயரைச் சொல்லிக் கேட்க வெட்கமில்லை, சரியான பெயர்தான் வரவில்லை. கடைசியில், "ஒங்களுக்கு நம்ம சாமி பேரா?" என்று கேட்பதாக முடிவாயிற்று. குலதெய்வம் இசக்கியம்மன். வராந்தாவில் நடந்தபடி ஒரே குரலில் கேட்டுப் பழகினார். போகிறவர் வருகிறவரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

முதல் நாள் நண்பகலில் நடந்தது. ஒன்றுமே இல்லை. கோடு விழுகிறது, தாடை அமைதியாகக் கிடக்கிறது. மறுபடி கோடு, மறுபடி அமைதி. இத்தனை வருஷமாகச் சலித்துக்கொண்ட அந்தக் கறுப்பு அலைக்காக நான் அன்று கும்பிடாத சாமி இல்லை. வெளியே வந்த வடிவு என் முகத்திலேயே படித்துவிட்டார். பரமசிவம் டிக்கெட் எடுக்கப் போய்விட்டார்.

மேடம் மட்டும், இவர் வழக்கமாக எந்த நேரத்தில் விழித்திருப்பார் என்று வடிவிடம் கேட்கச் சொன்னார். இட்லிக்காரரின் பகல் காலை பத்து மணிக்குள் முடிந்துவிடும். நண்பகல் அவர் அடித்துப்போட்ட மாதிரி தூங்கும் நேரம். மறுநாள் விடிகாலையில் மேடம் வந்துவிட்டார். நானும் முதல் ரயிலில் போய்ச் சேர்ந்தேன்.

முதல் கோடு, ஒன்றும் இல்லை. இரண்டாவது கோட்டுக்குப் பிறகு, நான் மூச்சை விடுவதற்குள், தாடை அலை கறுத்தது. 'உண்டு' என்று குறித்தேன். அப்புறம் இல்லை, இல்லை, உண்டு. இதெல்லாம் எந்தக் கேள்விகளுக்கு என்று தெரியாமல் குறிப்பது பெரிய கொடுமை. தப்பான இடத்தில் விழுந்துகொண்டிருக்கிறதோ என்று ஒவ்வொன்றுக்கும் செத்துப் பிழைத்தேன். கடைசியில் ஒரு கோடு சற்றுத் தாமதமாக விழுந்தது. அதற்கு மட்டும் அலை அழுத்தமாக, இரண்டு முறை கறுத்தது.

மேடம் என் குறிப்பையும் உள்ளே கேட்ட கேள்விகளையும் அருகருகே வைத்து நிதானமாக ஒப்பிட்டார். தம்பியின் பெயரைச் சொன்னபோது, 'ப்ச்'. சாமி பெயருக்கு அமைதி. மீன் விக்கியளா, 'ப்ச்'. இட்லி விக்கியளா, அமைதி. 'இல்லை' என்று வர வேண்டிய கேள்வி ஒன்றுக்கு 'ப்ச்' வரவேயில்லை. மற்றவை பொருந்தின. அடுத்த நாள் விடிகாலை கேள்விகளை மாற்றிப் போட்டு மறுபடி எடுத்தோம், அன்றும் பெரும்பாலும் பொருந்தின. "ஆள் உள்ளே இருக்கிறார் என்று நான் எழுதமாட்டேன், அது எனக்குத் தெரியாது. கேட்டதைப் புரிந்து பதில் சொல்வதற்கான அடையாளம் உண்டு என்று எழுதுவேன்" என்றார் மேடம். பயிற்சி வார்டில் கட்டில் கிடைக்க அது போதுமானதாக இருந்தது.

இசக்கிமுத்து பிறகு பேசவில்லை. கண்ணை அழுத்தி மூடினால் ஆமாம், 'ப்ச்' என்றால் இல்லை என்று பழகினார். தாராவியில் தரைத்தளத்தில் அறை பார்த்துக்கொண்டு போனார்கள். வடிவு இட்லி ஊற்ற, சக்கர நாற்காலியில் அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது.

இவ்வளவையும் ஷபானாவிடம் நேற்று போனில் சொல்லிவிட்டேன். மெஷின் அழிக்கும் முன்னால் உள்ள பட்டியும் உள்ளேதான் இருக்கிறதாம், இனி அதையும் திறந்து பார்ப்பதாகச் சொன்னாள். நிஜமாகவே பார்ப்பாளா என்று எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. "ஆன்ட்டி, இப்ப போன்ல ஒரு ஏஐ எதக் கேட்டாலும் பதில் சொல்லுதே, அதுக்குள்ளயும் ஆள் இருக்குமா?" என்று சிரித்தாள். எனக்குத் தெரியாது என்றேன். என் போனில் இருப்பது நான் என்ன சொன்னாலும் சரி சரி என்கிறது, ஒரு 'ப்ச்' கிடையாது, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

அவளிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. முதல் விடிகாலை, தாமதமாக விழுந்ததே, அந்தக் கடைசிக் கோடு. அதற்குரிய கேள்வி மேடம் வகுத்தவற்றில் இல்லை. எல்லாக் கேள்வியும் முடிந்தபின் வடிவு தானாகக் குனிந்து, "ஏங்க, ஊருக்குப் போயிருவமா?" என்று கேட்டிருக்கிறார். நர்ஸ் பழக்கத்தில் பொத்தானை அமுக்கிவிட்டார். கதவருகே நின்ற பரமசிவம் அந்த இரண்டு 'ப்ச்'சையும் தன் காதால் கேட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டு வாரேன், மைனி" என்று படியிறங்கிப் போனார்.

மேடம் மட்டும் அந்தக் கோட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. அன்று மத்தியானம் வடிவு என்னிடம் வந்து கேட்டார். "ஊரப் பத்திக் கேட்டேனே அக்கா, அத எழுதிட்டாங்களா?"

"இல்லம்மா. அதச் சேக்க முடியாது. மத்த கேள்விக்கெல்லாம் சரியான பதில் என்னன்னு நமக்கு முன்னாடியே தெரியும், அதனால ஒத்துப் பாக்க முடிஞ்சுது. இதுக்குச் சரியான பதில் எங்க யாருக்கும் தெரியாதே."

வடிவு கட்டில் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"அவியளுக்குத் தெரிஞ்சிருக்குல்லா, அக்கா" என்றார். "ஆளு இருக்கதுன்னா அதானே?"